எந்த நூற்றுக்கு?

நூற்றுக்கு இவ்வளவு என்னும் பேச்சு இன்று நம் இல்லங்களில் உப்பும் புளியும் போல் அன்றாடப் பொருளாகிவிட்டது. காலையில் செய்தித்தாளைப் பிரித்தால், விலைவாசி நூற்றுக்கு இவ்வளவு ஏறிற்று என்று காண்கிறோம். அலுவலகம் சென்றால், பஞ்சப்படி நூற்றுக்கு இவ்வளவு உயர்ந்தது என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறார்கள். மாலையில் வீடு திரும்பினால், வரும் மாதம் முதல் வாடகை நூற்றுக்குப் பத்துக் கூடும் என்று வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. கடைத்தெருவில் தள்ளுபடியும் விழுக்காட்டிலே. வங்கியில் வட்டியும் விழுக்காட்டிலே. இத்தனை விழுக்காடுகளுக்கும் நடுவே, நம் குடும்பத்தின் நிலை சென்ற ஆண்டைவிட உயர்ந்ததா தாழ்ந்ததா என்று கேட்டால், விடை கூறத் தயங்குவோரே நம்மில் பலர்.

இத்தயக்கம் கணக்கின் கடுமையால் வருவதன்று. பள்ளிப் பிள்ளைகள் எளிதில் செய்துவிடக்கூடிய கணக்குத்தான் இது. கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்க நாம் மறந்துவிடுவதே தயக்கத்திற்குக் காரணம். நூற்றுக்கு இவ்வளவு என்று ஒருவர் சொன்னவுடன், 'எந்த நூற்றுக்கு?' என்று திருப்பிக் கேட்டல் வேண்டும். அக்கேள்வியின் பயனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த ஊரில் வாழ்பவர்க்குச் சொந்த வீடு இருக்கலாம். கொல்லையில் இரண்டு தென்னை இருக்கலாம். கைம்மாற்றுக் கொடுக்க உறவினர் இருக்கலாம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வந்து குடியேறிய நம்மவரில் பெரும்பாலோர்க்கு மாதச் சம்பளம் ஒன்றே கதி. அச்சம்பளம் ஏறுவதும் விழுக்காட்டில்; அதைத் தின்னும் செலவுகள் ஏறுவதும் விழுக்காட்டில். ஆகவே இக்கணக்கை அறிதல் பிறரினும் நமக்கு இன்றியமையாதது.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. நம் பிள்ளைகள் பள்ளியில் இதனை இந்தியில் 'பிரதிசத்' என்றோ ஆங்கிலத்தில் 'பர்சென்ட்' என்றோ படிக்கிறார்கள். தமிழில் நூற்றுக்கு என்று சொல்லிப் பார்த்தால் பொருள் தானே விளங்கிவிடும். நான்காம் வேற்றுமை உருபு ஒட்டிய அச்சொல்லே, 'எந்த நூறு?' என்னும் கேள்வியை எழுப்பிவிடுகிறது. வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தாய்மார் இதனை மனத்திற் கொள்வார்களாக.

கணக்கின் முறை

முதலில் முறையைக் காண்போம். சென்ற ஆண்டு வாடகை 16,000 ரூபாய். இவ்வாண்டு 18,000 ரூபாய் என்று கொள்வோம். புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் 2,000 வருகிறது. இவ்வேறுபாட்டைப் பழைய எண்ணாகிய 16,000 கொண்டு வகுத்தல் வேண்டும்; அவ்வாறு வகுத்தால் எட்டில் ஒரு பங்கு கிடைக்கிறது. அதனை நூறால் பெருக்கினால் பன்னிரண்டரை. ஆகவே வாடகை நூற்றுக்குப் பன்னிரண்டரை ஏறியிருக்கிறது. கழித்தல், பழையதால் வகுத்தல், நூறால் பெருக்கல் என்னும் இம்மூன்று படிகளே கணக்கு முழுவதும். கழித்து வருவது குறைவெண்ணாக இருப்பின் அஃது இறக்கம்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கீழ்வாய் இலக்கம் பயின்ற பெரியோர் இதனை எழுதுகோல் எடாமலே சொல்லிவிடுவர். 16,000 ரூபாயில் அரைக்கால் பங்கு 2,000, நூற்றில் அரைக்கால் பன்னிரண்டரை, கணக்கு முடிந்தது. கால் என்றால் இருபத்தைந்து. அரை என்றால் ஐம்பது. முக்கால் என்றால் எழுபத்தைந்து. மா என்றால் ஐந்து. இருமா என்றால் பத்து. நாலுமா என்றால் இருபது. மாகாணி என்றால் ஆறேகால். இச்சிறு வாய்பாடு நினைவிலிருந்தால் கடைத்தெருவில் கைப்பேசியைத் தேடவேண்டியதில்லை.

மூன்று படிகளில் நடுப்படிதான் உயிர்நிலை. எந்த எண்ணால் வகுக்கிறோமோ அதுவே அடிப்படை எண். அதுதான் நாம் கேட்ட 'நூறு'. மாற்றம் எங்கே தொடங்கிற்றோ அந்த எண்ணே அடிப்படை ஆதல் வேண்டும். அடிப்படை மாறினால் விடையும் மாறும்.

ஏறிய வழியும் இறங்கிய வழியும்

தக்காளி கிலோ 40 ரூபாயிலிருந்து 50 ரூபாய்க்கு ஏறிற்று என்போம். வேறுபாடு 10, அடிப்படை 40, ஏற்றம் கால் பங்கு, அதாவது நூற்றுக்கு 25. அடுத்த வாரம் விலை மீண்டும் 40க்கு இறங்கிற்று. வேறுபாடு அதே 10. ஆனால் இப்போது அடிப்படை 50. இறக்கம் நாலுமா, அதாவது நூற்றுக்கு 20. ஏறும்போது 25, இறங்கும்போது 20. விலையோ புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்துவிட்டது. செய்தித்தாளில் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், விலை இன்னும் நூற்றுக்கு ஐந்து கூடுதலாகவே நிற்கிறது என்று எண்ணி ஏமாறக்கூடும்.

சிறிய மாற்றங்களில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தோன்றாது. பெரிய மாற்றங்களில் இது மலைபோல் நிற்கும். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீட்டெண் 2008 ஜனவரி 8ஆம் நாள் 20,873 என்னும் அளவில் முடிந்தது. உலகெங்கும் நிகழ்ந்த நிதி நெருக்கடியால் 2009 மார்ச் 9ஆம் நாள் 8,160க்கு வந்துவிட்டது. இறக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ 61. அப்படியானால் நூற்றுக்கு 61 ஏறினால் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று கருதலாமோ? 8,160லிருந்து 20,873க்கு ஏற வேண்டுமானால் நூற்றுக்கு ஏறத்தாழ 156 ஏற வேண்டும். அந்த ஏற்றம் 2010 நவம்பரில்தான் நிறைவேறிற்று. சேமிப்பைப் பங்குகளில் இடுகின்ற இளைஞர்கள் இதனை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்: பாதியை இழந்தவன், இழந்ததை மீட்கத் தன்னிடம் எஞ்சியதை இரட்டிப்பாக்க வேண்டும்.

பண்டிகைக் காலத்துத் தள்ளுபடியும் இவ்வினத்ததே. நூற்றுக்கு இருபது தள்ளுபடி, அதன்மேல் மேலும் நூற்றுக்குப் பத்து என்று துணிக்கடையில் எழுதியிருப்பார்கள். நாம் முப்பது என்று கூட்டிக்கொள்கிறோம். 1,000 ரூபாய்ப் புடைவை முதலில் 800 ரூபாய் ஆகிறது. இரண்டாம் தள்ளுபடியாகிய பத்து, 800 ரூபாய்க்கே உரியது. ஆகவே 80 ரூபாய் குறைந்து 720 ரூபாய் ஆகிறது. மொத்தத் தள்ளுபடி நூற்றுக்கு 28தான். இருபதுக்கு உரிய நூறு வேறு; பத்துக்கு உரிய நூறு வேறு.

பஞ்சப்படியும் அதன் அடிப்படையும்

இனி நம்மவரில் பலருக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். மத்திய அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் தபால் துறையிலும் பணியாற்றுவோர், ஓய்வு பெற்றோர் ஆகியோரின் இல்லங்களில் பஞ்சப்படி, அதாவது அகவிலைப்படி, ஆண்டுக்கு இருமுறை பேச்சாகிறது. அப்படியைக் கணக்கிடும் முறை, மேலே நாம் கண்ட மூன்று படிகளன்றி வேறன்று.

தொழிலாளர்கள் வாங்கும் அரிசி, துணி, எரிபொருள், வீட்டு வாடகை முதலியவற்றின் விலைகளைத் திரட்டி, லேபர் பீரோ என்னும் மத்திய அரசு நிறுவனம் மாதந்தோறும் ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. 7ஆம் ஊதியக் குழுவின் ஊதியம் 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, முந்திய பன்னிரண்டு மாதங்களின் சராசரிக் குறியீட்டெண் 261.42. அவ்வெண்ணே அடிப்படையாக வைக்கப்பட்டது. பின்னர் வரும் பன்னிரண்டு மாதச் சராசரியிலிருந்து 261.42ஐக் கழித்து, 261.42ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவதே அகவிலைப்படி விழுக்காடு. சராசரி 392.13 ஆயிற்று என்று கொண்டால், வேறுபாடு 130.71, அது 261.42இல் சரிபாதி, ஆகவே படி நூற்றுக்கு 50. பின்னம் வந்தால் விட்டுவிடுவார்கள்.

2025 ஜனவரி முதல் அகவிலைப்படி 53 விழுக்காட்டிலிருந்து 55 விழுக்காட்டுக்கு உயர்த்தப்பட்டது. 'இரண்டு விழுக்காடு உயர்வு' என்று எங்கும் பேசப்பட்டது. எந்த நூற்றுக்கு இரண்டு? அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய படி 9,540 ரூபாய். புதிய படி 9,900 ரூபாய். கூடியது 360 ரூபாய். அடிப்படை ஊதியத்தை நூறாகக் கொண்டால் 360 ரூபாய் என்பது நூற்றுக்கு 2. ஆனால் ஊதியமும் படியும் சேர்ந்து அவர் பெற்றுவந்த தொகை 27,540 ரூபாய். அதனை நூறாகக் கொண்டால் உயர்வு நூற்றுக்கு 1.31 மட்டுமே. படித்தொகையாகிய 9,540 ரூபாயை நூறாகக் கொண்டாலோ உயர்வு நூற்றுக்கு 3.77. கைக்கு வந்தது ஒரே 360 ரூபாய், சொல்லத்தக்க விழுக்காடுகள் மூன்று, மூன்றும் பொய்யல்ல. இல்லத்தரசியின் வரவுசெலவுக்கு வேண்டியது இடையில் உள்ள 1.31தான், ஏனெனில் மாதந்தோறும் செலவிடுவது மொத்தத் தொகையையே.

53லிருந்து 55 என்பது போல விழுக்காடே இரண்டு கூடும்போது, 'இரண்டு விழுக்காட்டுப் புள்ளி கூடிற்று' என்று கூறுதலே திருத்தமான வழக்கு. புள்ளி என்னும் சொல்லைச் சேர்த்தால் குழப்பம் நீங்கும். 2001ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 73.45, 2011இல் 80.09. கூடியது 6.64 புள்ளி, பழைய விகிதத்தின்மேல் நோக்கினால் நூற்றுக்கு 9.04. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பேசுவது மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் பிழை.

ஊதியக் குழு தந்தது எவ்வளவு?

அடிப்படை எண்ணை மாற்றினால் மடுவும் மலையாகும் என்பதற்கு 7ஆம் ஊதியக் குழுவே தக்க சான்று. 6ஆம் ஊதியக் குழுவின்கீழ்க் குறைந்த அளவு மாத ஊதியம் 7,000 ரூபாய். 7ஆம் ஊதியக் குழு அதனை 18,000 ரூபாயாக்கிற்று. 7,000 ரூபாயை அடிப்படையாகக் கொண்டால் ஏற்றம் 11,000 ரூபாய். நூற்றுக்கு 157க்கு மேல். இதைக் கேட்டுச் சம்பளம் இரண்டரை மடங்காயிற்று என்று அயலார் பொறாமைப்பட்டிருக்கலாம். ஊரிலிருந்து கடன் கேட்டுக் கடிதமும் வந்திருக்கலாம்.

உண்மை யாது? 2016 ஜனவரியில் பழைய ஊதியத்தின்மேல் நூற்றுக்கு 125 அகவிலைப்படி சேர்ந்திருந்தது. 7,000 ரூபாய்க்கு 8,750 ரூபாய் படி. ஆகவே அந்த ஊழியர் முன்னரே பெற்றுக்கொண்டிருந்த தொகை 15,750 ரூபாய். புதிய 18,000 ரூபாய் அப்படியையும் தன்னுள் அடக்கியது; அகவிலைப்படி மீண்டும் சுழியிலிருந்து தொடங்கிற்று. எனவே உண்மையில் கூடியது 2,250 ரூபாய், 15,750இல் அஃது ஏழில் ஒரு பங்கு, நூற்றுக்கு 14.29. நூற்றுக்கு 157 எங்கே, 14 எங்கே! வாடகைப்படி முதலிய பிற படிகளின் கணக்கு வேறு. ஊதியத்தளவில் உண்மை இதுவே.

2025ஆம் ஆண்டில் 8ஆம் ஊதியக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளைப் பற்றிப் பெரிய பெரிய விழுக்காடுகளும் இத்தனை மடங்கு என்னும் பேச்சும் எழும்போது, நம் உறுப்பினர் செய்யவேண்டுவது ஒன்றே: புதிய ஊதியத்தைப் பழைய அடிப்படை ஊதியத்தோடு ஒப்பிடாமல், படியும் சேர்த்துப் பெற்றுவந்த தொகையோடு ஒப்பிடுக. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. வராத பணத்தை நம்பி மனைக்கு முன்பணம் கட்டுவோர்க்கும் இவ்வாக்குப் பொருந்தும்.

மடங்கும் விழுக்காடும்

மடங்கு என்னும் சொல்லிலும் ஓர் இடறல் உண்டு. ஒரு பொருளின் விலை இரு மடங்கு ஆயிற்று என்றால் ஏற்றம் நூற்றுக்கு 100. மும்மடங்கு ஆயிற்று என்றால் நூற்றுக்கு 200. மடங்கில் பழையதும் அடங்கியிருக்கிறது. ஏற்றத்தில் அது நீங்கிவிடுகிறது. ஆகவே மடங்கிலிருந்து ஒன்றைக் கழித்து நூறால் பெருக்குதல் வேண்டும்.

மேற்கூறிய தொழிலாளர் குறியீட்டெண்ணுக்கு 1960, 1982, 2001, 2016 ஆகிய ஆண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிப்படை ஆண்டுகளாயின. அடிப்படை மாறும்போதெல்லாம் புதிய ஆண்டு நூறாக்கப்படும். பழைய தொடரோடு இணைக்க ஓர் இணைப்பெண் தரப்படும். அவ்விணைப்பெண்கள் முறையே 4.93, 4.63, 2.88. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 66. அதாவது 1960இல் ஒரு ரூபாய்க்கு நடந்த குடும்பச் செலவுக்கு 2016இல் ஏறத்தாழ 66 ரூபாய் வேண்டியிருந்தது. ஏற்றம் நூற்றுக்கு ஏறத்தாழ 6,500. தாத்தா 200 ரூபாய்ச் சம்பளத்தில் குடும்பம் நடத்தினார் என்று கேட்டு வியக்கும் பிள்ளைகளிடம், அது 2016ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 13,000 ரூபாய்க்கு ஒப்பானது என்று கூறலாம். அடிப்படை ஆண்டு எதுவென்று அறியாமல் இரு காலத்துப் பணத்தை ஒப்பிடுதல், மைலையும் கிலோமீட்டரையும் ஒன்றாகக் கூட்டுவது போன்றது.

எத்தனை காலத்தில்?

எந்த நூற்றுக்கு என்று கேட்டபின், எத்தனை காலத்தில் என்றும் கேட்டல் வேண்டும். நம் பக்கத்தில் 'இரண்டு வட்டி' என்று சொல்வது வழக்கம். அது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய். வங்கியில் 'ஒன்பது வட்டி' என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது. கேட்ட அளவில் இரண்டு சிறியது, ஒன்பது பெரியது என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் முன்னது 24, பின்னது 9. வட்டியைக் கட்டாமல் மாதந்தோறும் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால், 10,000 ரூபாய்க் கடன் ஓராண்டில் ஏறத்தாழ 12,680 ரூபாய் ஆகிவிடும். ஏற்றம் நூற்றுக்கு 27ஐ நெருங்கும். கல்யாணச் செலவுக்கென்று அவசரமாகக் கைநீட்டும் முன்னர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

வாடகையும் இப்படித்தான். பதினோரு மாத ஒப்பந்தம் முடியுந்தோறும் நூற்றுக்குப் பத்து ஏற்ற ஒப்புக்கொள்கிறோம். 20,000 ரூபாய் வாடகை 22,000 ஆகி, 24,200 ஆகி, மூன்றாம் ஏற்றத்தில் 26,620 ஆகிறது. மொத்த ஏற்றம் நூற்றுக்கு 30 அன்று, 33.1. ஒவ்வொரு பத்தும் முந்திய பத்தையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்த நூற்றுக்கு உரியது. இக்காலத்திற்குள் நம் வருவாய் நூற்றுக்கு 33 கூடியதா என்று பார்த்தபின்னரே நான்காம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுதல் தக்கது.

தமிழர் பெருகினரா, குறைந்தனரா?

வீட்டுக் கணக்கிலிருந்து நாட்டுக் கணக்கிற்கு வருவோம். 2001ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் இந்தியாவில் 6,07,93,814 பேர். 2011இல் 6,90,26,881 பேர். கூடியவர் 82,33,067 பேர். ஏற்றம் நூற்றுக்கு 13.54. ஆகவே தமிழ் பேசுவோர் பெருகினர் என்று ஒருவர் மேடையில் மகிழ்ந்து கூறலாம். ஆனால் அதே பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை நூற்றுக்கு 17.7 பெருகிற்று. ஆதலின் நாட்டு மக்களில் தமிழ் பேசுவோர் பங்கு நூற்றுக்கு 5.91லிருந்து 5.70க்கு இறங்கிற்று. தமிழர் குறைந்தனர் என்று மற்றொருவர் வருந்திக் கூறலாம். முன்னவர்க்கு நூறு என்பது பழைய தமிழர் தொகை. பின்னவர்க்கு நூறு என்பது இந்திய மக்கள் அனைவரும். இருவரும் ஒரே ஏட்டிலிருந்தே படிக்கின்றனர். தமிழ்நாட்டில் குடும்பங்கள் சிறுத்தமையே இதற்குப் பெருங்காரணம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் இந்தியா முழுவதற்கும் சராசரி 2.0, தமிழ்நாட்டில் 1.8.

அடிப்படை எண் மிகச் சிறியதாயின் விழுக்காடு மிகப் பெரிதாகத் தோன்றும். வடமொழியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2001இல் 14,135 பேர். 2011இல் 24,821 பேர். ஏற்றம் நூற்றுக்கு 75.6. தமிழின் 13.54ஐ இதன் பக்கத்தில் வைத்தால் தமிழ் தளர்ந்தது போலத் தோன்றும். அங்கே கூடியவர் 10,686 பேர். இங்கே கூடியவர் 82 லட்சத்திற்கும் மேற்பட்டோர். எனவே விழுக்காட்டைப் படிக்கும்போதெல்லாம் அதன் பின்னால் உள்ள ஆட்களின் தொகையையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

இனி நம்மைப் பற்றிய கணக்கு. மகாராஷ்டிர மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் 5,27,995லிருந்து 5,09,887 ஆயினர். இறக்கம் நூற்றுக்கு 3.4. கேரளத்தில் 5,96,971லிருந்து 5,02,516. இறக்கம் நூற்றுக்கு 15.8. கர்நாடகத்தில் 18,74,959லிருந்து 21,10,128. ஏற்றம் நூற்றுக்கு 12.5. எவ்வளவு மாறிற்று என்று விழுக்காடு சொல்லும். ஏன் மாறிற்று என்று அது சொல்லாது. ஊர் திரும்பியோர் பலரா, வந்தோர் சிலரா, அல்லது இங்கேயே பிறந்த நம் பிள்ளைகள் வேறு மொழியைத் தாய்மொழி என்று எழுதினரா என்பதை இவ்வெண்களிலிருந்து அறிய இயலாது. முன்னிரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது மட்டும் நம் கையில் உள்ளது.

மக்கட்கணக்கின் விதிப்படி தாய்மொழி என்பது, ஒருவரிடம் அவரது குழந்தைப் பருவத்தில் அவர் தாய் பேசிய மொழி. வீதியில் பேசும் மொழியோ பள்ளியில் பயிலும் மொழியோ அதற்கு அளவுகோல் அல்ல. தாராவியில் பிறந்து மராத்தி சரளமாகப் பேசும் பிள்ளையும், தில்லியில் பிறந்து இந்தியில் கனவு காணும் பிள்ளையும், தாய் தமிழில் தாலாட்டி வளர்த்திருப்பின், தமிழைத் தாய்மொழியாக உடையோரே. கதவைத் தட்டும் கணக்காளர் அவசரத்தில் அவ்வூர் மொழியை எழுதிக்கொண்டு போகாதபடி, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் தாய்மொழியையும் தனித்தனியே சொல்லி எழுதச் செய்தல் குடும்பத் தலைவரின் கடமை. பிற மொழிகள் பேசத் தெரிந்தால் அவற்றைக் குறிக்கவும் தனி இடம் உண்டு.

2021இல் நடந்திருக்கவேண்டிய மக்கட்கணக்குக் கொரோனா நோயால் தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கு 2027 மார்ச் 1ஆம் நாளை அடிநாளாகக் கொண்டு நடைபெறும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின் அடிநாளும் மார்ச் 1தான்; ஆகவே இடைப்பட்ட காலம் சரியாகப் பதினாறு ஆண்டுகள். பதினாறாண்டு ஏற்றத்தையும் பழைய பத்தாண்டு ஏற்றத்தையும் அருகருகே வைத்துப் பெருமைப்படுவோரும் கலங்குவோரும் அப்போது தோன்றுவர். எத்தனை காலத்தில் என்னும் கேள்வி நம்மிடம் அன்று ஆயத்தமாக இருக்கட்டும்.

கேட்கவேண்டிய கேள்விகள்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். விழுக்காடு ஒன்று நம் காதில் விழுந்தால் நான்கு கேள்விகள் கேட்போம். எந்த நூற்றுக்கு? எத்தனை காலத்தில்? ரூபாயிலோ ஆட்களிலோ எண்ணினால் எவ்வளவு? கூடியது விழுக்காடா, விழுக்காட்டுப் புள்ளியா? பழைய எண் சுழியாக இருந்தால் விழுக்காடே கூறலாகாது என்பதும் நினைவிலிருக்கட்டும். சுழியால் வகுத்தல் இல்லை. சென்ற ஆண்டு ஒருவரும் சேராத வகுப்பில் இவ்வாண்டு ஐவர் சேர்ந்தால், ஐவர் சேர்ந்தனர் என்று சொல்வதே முறை.

இல்லந்தோறும் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, வாடகை, பால், அரிசி, மின்கட்டணம், பள்ளிக்கட்டணம், கைக்கு வரும் மொத்த வருவாய் ஆகிய ஆறையும் ஆண்டுக்கு ஒருமுறை, தைத் திங்கள் முதல் நாளிலோ சித்திரை முதல் நாளிலோ, எழுதி வருதல் நல்லது. அடுத்த ஆண்டு அதே நாளில் பிள்ளைகளிடம் ஏட்டைக் கொடுத்து, ஒவ்வொன்றும் நூற்றுக்கு எவ்வளவு மாறிற்று என்று தமிழிலேயே கணக்கிட்டுச் சொல்லச் செய்யலாம். வருவாயின் விழுக்காடு முன்னே நிற்கிறதா, செலவின் விழுக்காடு முன்னே நிற்கிறதா என்பது கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும். வாடகை பேசச் செல்லும் தந்தைக்கும், சீட்டுக் கட்டலாமா என்று எண்ணும் தாய்க்கும் அவ்வேடு துணை நிற்கும். பிள்ளைகளுக்கோ கணக்கும் தமிழும் ஒருங்கே கைவரும்.